உட்தலைப்பு இல்லாத கட்டுரை

தென்காசியில் கடையம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது எங்கள் பள்ளி முருகையாவின் அழைப்பு வந்தது. "அண்ணாச்சி, நம்ம கோமதி டீச்சர் தவறிட்டாவ. சாயங்காலமே எடுக்குதாங்களாம்." ஆசிரியர் அறையில் பதினெட்டு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் டீச்சர். பேருந்தை விட்டு இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன்.

இரங்கல் கூட்டத்தில், இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்களில் பலர் இருந்தீர்கள். எங்கள் பழைய தலைமையாசிரியர், "நற்பண்புகளின் உறைவிடம், தமிழுக்கே பேரிழப்பு" என்றார். பத்து நிமிடம் பேசியும் டீச்சர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் திருத்தும் தாள்களின் ஓரத்தில், 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று சிவப்பு மையில் இருக்கும். "ஒரு பத்திக்கு ஒரு பேச்சுதான். சொன்னா சாட்சியக் கொண்டா. இல்லன்னா அந்த வரிய அடிச்சிரு" என்பார்.

தலைமையாசிரியர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். குற்றாலத்தில் பள்ளிகளுக்கிடையே ஒரு கட்டுரைப் போட்டி. தலைமையாசிரியர், டீச்சர், நான் மூவரும் நடுவர்கள். அருவியைக் கெடுப்பது கூட்டமல்ல, குளிப்பவர்கள் வீசும் ஷாம்பு உறைகள் என்று கீழப்பாவூர் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அடுத்த பத்தியில், தான் ஒரு காலையில் பொறுக்கிய உறைகளை வகைபிரித்துக் காட்டினாள். கூட்டத்தைக் குறை சொல்பவர்களுக்கு மூன்றாம் பத்தியில் பதில் இருந்தது: சீசன் முடிந்து ஆளே இல்லாத நாளிலும் பாறையிடுக்கில் அவை கிடந்தன.

"உட்தலைப்பு எங்க? ஒரு அடிக்கோடு கூட இல்லியே" என்று தலைமையாசிரியர் பாதி மதிப்பெண்ணை வெட்டினார். நோட்ஸை மனப்பாடம் செய்து ஆறு உட்தலைப்பு போட்டவனுக்கு முதல் பரிசு.

"தலைப்ப எண்ணுததுக்கு நாம எதுக்கு சார்? வாசிச்சுப் பாருங்க" என்ற டீச்சர், முடிவுத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அதன்பின் எந்தப் போட்டிக்கும் அவரைக் கூப்பிடவில்லை. 'ஒத்துப்போகாதவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நாம் யாரும் கேட்கவில்லை.

மூன்றில் இரண்டு கையெழுத்து போதும் என்பது விதி. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மறுநாள் டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் போட்டீங்க சார்? ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

"நேத்து கடையம் பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். இன்றுவரை என்னிடம் வேறு காரணம் இல்லை.