நாலாவது பொனட்

துணியைக் கையில் வாங்கியதும் ஹம்ஸியா கண்ணை மூடிக்கொள்வாள். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து இரண்டு தடவை தேய்ப்பாள். பிறகு குறுக்கே இழுத்துப் பார்ப்பாள். அதற்குள் துணி கொண்டுவந்தவர் விலை, வாங்கிய கடை என்று சொல்ல ஆரம்பித்தால், "கொஞ்சம் பொறுங்க, அது பேசட்டும்" என்பாள். அது என்பது துணி. வந்தவர் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

பதுளை பஸாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் அவளுடைய தையலறை. ஒரு ஜன்னல், இரண்டு மெஷின், சுவரோடு நீளமாய் ஒரு வெட்டு மேசை. பாடசாலைச் சீருடை, அபாயா, சாரிச் சட்டை மூன்றும் சம அளவில் வரும். சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பஸ் ஏறி வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களால் அந்த மரப்படி காலையிலிருந்து முனகிக்கொண்டே இருக்கும். கணவர் ஸலீம் மொனராகலைப் பக்கம் சந்தை சந்தையாகத் துணி விற்கிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார்.

நாற்பத்தேழு வயதாகும் ஹம்ஸியாவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. துணி வெட்டும் கத்திரிக்கோலை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருப்பாள்; அதை யாராவது காகிதம் வெட்ட எடுத்தால் அன்று முழுவதும் பேச மாட்டாள். தேநீரை ஆறவைத்து, ஆறிவிட்டதே என்று அலுத்துக்கொண்டு குடிப்பாள். மலை வளைவுகளில் கார் திரும்பினால் அவளுக்கு வயிறு புரட்டும். அதனால் பண்டாரவளைக்குப் போவதென்றாலும் ரயில்தான். "அந்த ரோட்டெ நெனச்சாலே தல சுத்துது" என்பாள். கார்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனாலும் பதுளையில் கார்களுக்குச் சட்டை வெட்டுகிறவள் என்று இன்று நாலு பேர் சொல்வது இவளைத்தான்.

அதற்குக் காரணம் அவளுடைய சாச்சி மகன், தம்பி முறையான ஷிபான். பசறை வீதியில் போன் கடை வைத்திருக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் உண்டு. அவர்கள் எல்லாருக்கும் மேலாக ஒரு கார் உண்டு. தொண்ணூறுகளில் வந்த, சதுர மூக்குள்ள ஜப்பான் கார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னும் மூன்று பேரை அவன் தேடிப் பிடித்திருந்தான்: மருந்துக் கடை அகீல், வெலிமடையில் கிழங்கு மொத்த வியாபாரம் செய்யும் ஹஸீப், லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து காரை வாடகைக்கு விட்டு ஹயர் ஓடும் ஜீவன். வாகன இறக்குமதி நின்றுபோன வருடங்களில் அந்த மாடலுக்குப் பொனட், எஞ்சினை மூடும் அந்த முன்மூடி, கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. நாமே செய்வோம், அதுவும் கார்பன் ஃபைபரில் செய்வோம் என்று ஷிபான்தான் மற்றவர்களைக் கிளப்பினான். எட்டு மாதம் நாலு பேரும் சேர்த்த பணத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுருள் கறுப்பு கார்பன் துணி வந்து சேர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சுருளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஷிபான் மரப்படி ஏறினான்.

"ராத்தா, இத ஒருக்கா பாருங்களே. கத்திரி வெச்சா நூல் நூலா கழண்டு போகுது. மண்டையே வெடிக்குது."

ஹம்ஸியா கண்ணை மூடித் தேய்த்துப் பார்த்தாள். குளிர்ந்து, வழுவழுவென்று, மீன் தோல்போல இருந்தது. குறுக்கே இழுத்தபோது நெசவு உடனே கோணியது.

"இது ஸ்கூல் பொடியன்கள்ட களிசான் துணிட நெசவுதானே. கோடு சரிஞ்சு ஓடுது பாரு" என்றாள். "ஆனா சரியான வாயாடி. புடிச்சு வெக்காட்டி ஓடிரும்."

சுருளோடு வேறு இரண்டு துண்டுகளும் இருந்தன. ஷிபான் தானே வெட்டப் பார்த்து, ஒரு பொனட்டுக்கான துணியை நடுவால் கோணலாக அறுத்து வைத்திருந்தான். இரண்டின் ஓரமும் கிழவர் தாடிபோலத் தொங்கிற்று. ஹம்ஸியா மேசையில் விரித்து, சாணால் அளந்து, பிறகு நாடாவாலும் அளந்தாள்.

"முழுசா மூணு வரும். நாலாவது வராது."

"மத்தத பொறகு பாப்பம் ராத்தா" என்றான் ஷிபான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெட்ட வேண்டிய கோட்டின் மேல் பேப்பர் டேப்பை ஒட்டி, டேப்பின் நடுவிலேயே வெட்டுவது அவள் கண்டுபிடித்த வழி. மெல்லிய ஷிஃபான் சாரிக்கு அவள் செய்வதும் அதுதான். ஒரு நூல் நகரவில்லை. அதற்கென்று புதிதாய் ஒரு கத்திரிக்கோல் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். காலுறைக்குள் இருந்ததை அந்தத் துணியின் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. இரண்டு நாளைக்குக் கையில் முள் ஏறினாற்போல் அரிப்பு.

மூன்று பொனட்டுகளும் மூன்று வாரத்தில் முடிந்தன. ஷிபான் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்ட கராஜ் இருக்கிறது. ஷிபானின் பொனட்டை வைத்து எடுத்த அச்சுக்குள் முதலில் கறுப்புத் துணி, அதன் மேல் பலத்துக்குக் கண்ணாடி நார், இடையில் இறுகும் பசையான ரெசின். பிறகு பிளாஸ்டிக் உறையால் மூடி, பழைய குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரைக் கொண்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். துணியைச் சுருக்கம் விழாமல் அச்சுக்குள் படுக்க வைப்பது ஹம்ஸியாவின் பொறுப்பாயிற்று. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வருவாள். "இடுப்பில்லாத பொம்பளைக்கிச் சட்ட தெக்கிற மாதிரி" என்று ஒரு தடவை சொன்னாள். அகீல் சிரித்துச் சிரித்து இருமினான்.

நாலாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. தையலறை மேசையில் அந்த இரண்டு கோணல் துண்டுகள் மட்டுமே கிடந்தன.

"கடைசியா சேந்தது ஜீவன்தானே" என்றான் அகீல், குரலைத் தாழ்த்தி. ஜீவன் மூன்றடி தள்ளித்தான் நின்றான். "அவருக்கு அடுத்த முற செஞ்சு குடுப்பம்."

ஹஸீப் தலையாட்டினார். ஷிபான் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பரவால்லைங்க" என்றான் ஜீவன். "அடுத்த தடவ பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க."

அவனுடைய கார் கீழே செருப்புக் கடை வாசலில் நின்றது. மற்ற மூவருக்கும் ஏற்கெனவே நல்ல பொனட் இருந்தது. அழகுக்காக இன்னொன்று செய்தார்கள். ஜீவனுடைய பொனட்டின் மேல் போன வருடம் நமுனுகுலைப் பாதையில் மரக்கிளை விழுந்துவிட்டது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, துரு ஏறிய ஓட்டைகளை மறைக்கத் தார்ப்பாய்த் துண்டு விரித்து, கம்பியால் கட்டியிருந்தான். அந்தக் காரில் ஏற ஆட்கள் தயங்குகிறார்கள் என்று அவன் முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தான், வருத்தமாகக்கூட அல்ல, மழை வருகிறது என்று சொல்வதுபோல.

ஹம்ஸியா ஜன்னலோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அவளுக்கு மாரியாயியின் நினைவு வந்தது.

பதினொரு வருடங்களுக்கு முன், லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாரியாயி தன் மகளின் கல்யாணச் சட்டைக்கு ஒரு சிவப்புப் பட்டுத்துணி கொண்டுவந்தாள். ஹம்ஸியா முதுகுத் துண்டைத் தவறாக வெட்டிவிட்டாள். வேறு துணி வாங்கிக் கொடுத்திருக்கலாம்; அந்த மாதம் கை வறண்டிருந்தது. இரண்டாக ஒட்டித் தைத்து, "இப்ப இதுதான் ஃபேஷன்" என்று சொல்லிக் கொடுத்தாள். மாரியாயி அந்த ஒட்டின் மேல் ஒரு விரலை மேலிருந்து கீழே ஓடவிட்டாள். "அப்படிங்களா, நல்லா இருக்குங்க" என்றாள். முழுக்கூலியும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மரப்படி ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஹம்ஸியாவுக்குச் சந்தேகமே இல்லை. இதை ஸலீமிடம்கூட அவள் சொன்னதில்லை.

வாங்கிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள்.

"அடுத்த மொற, அடுத்த மொறண்டு சொல்றீங்களே, இன்னொருக்கா எட்டு மாசம் சேப்பீங்களா? பொய்தானே?" ஷிபானின் பக்கம் திரும்பினாள். "துணி குறைஞ்சா அது வெட்டினவன்ட பிழ. போடுறவன்ட பிழ இல்ல."

ஷிபானின் காது சிவந்தது.

இரண்டு துண்டுகளின் பிய்ந்த ஓரத்தையும் டேப் ஒட்டி நேராக வெட்டி, பக்கத்தில் பக்கமாக வைத்தாள். சரிந்து ஓடும் கோடுகள் ஒட்டில் வந்து தடுக்கி விழுந்தன. பல் உடைந்த சீப்புப்போல இருந்தது. ஹம்ஸியா கண்ணை மூடி ஒரு துண்டைத் தேய்த்தாள். அதன் மறுபக்கத்தையும் தேய்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. அந்தத் துண்டைப் புரட்டிப் போட்டாள்.

கோடுகள் திசை மாறின. இடப்பக்கத்தவை வலப்புறமும் வலப்பக்கத்தவை இடப்புறமும் சரிந்து வந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, மேலிருந்து கீழ்வரை மீன்முள்போல அடுக்காக இறங்கின.

"தம்பி, இங்க வா" என்று ஜீவனைக் கூப்பிட்டாள். "நல்லா கேட்டுக்க. இது ஒட்டு. துணி காணாததால போடுற ஒட்டு. அடியில கண்ணாடி நார் முழுசா வரும், ஒடையாது. ஆனா ஒட்டு ஒட்டுத்தான். நீ வேணாண்டா நான் வெக்க மாட்டன்."

ஜீவன் குனிந்து பார்த்தான். "வைங்கக்கா" என்றான்.

அன்று மழை விடவில்லை. ஈரத்தில் ரெசின் காயாதோ என்று அடுப்பில் தேங்காய்ச் சிரட்டைக் கரி மூட்டி கராஜைச் சூடாக்கினார்கள். ஒட்டு நகராமல் இருக்க ஹம்ஸியா அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் கோடு கோடாகச் சேர்த்தாள். வேலை முடியும்வரை எழவில்லை. எழுந்தபோது முழங்கால் நிமிர மறுத்தது. அகீல்தான் கை கொடுத்தான்.

மறுநாள் பகல், அச்சின் ஓரத்தில் மரக் கட்டைகளைச் செருகித் தட்டினார்கள். படக்கென்று ஒரு சத்தத்தோடு பொனட் கழன்றது. ஷிபான் அதை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிமிர்த்தினான். மழை கழுவிய வெயில் அதன் மேல் விழுந்தது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கறுப்புச் சிறகு விரிந்தாற்போல இருந்தது. ஹஸீப், "மாஷா அல்லாஹ்" என்றார். முதல் மூன்றும் அழகுதான். ஆனால் இதன் பக்கத்தில் அவை வெறும் பலகைகள்.

ஷிபான் ஜீவனின் பக்கம் திரும்பினான்.

"ஜீவன், நாம மாத்திக்குவமா? என்டத நீ எடு. நீ போட்ட பங்கு முழுசையும் நான் திருப்பித் தாரன்."

ஜீவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தப் பங்குப் பணம் அவனுக்கு இரண்டு மாத ஹயர் வருமானம். தகரத்துக்குப் பதில் நல்ல பொனட்டும் கிடைக்கும், காசும் கிடைக்கும். ஹம்ஸியாவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அவன் சரியென்று சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். நினைத்ததும் பொனட்டிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றான் அவன்.

"இத ஒனக்கெண்டுதான் வெட்டினன். மத்தது ஒன்ட இஷ்டம்."

ஜீவன் ஷிபானைப் பார்த்துச் சிரித்தான். கேலி இல்லாத சிரிப்பு.

"எனக்கு இல்லைன்னு நீங்கள்லாம் பேசினப்ப நான் ஒண்ணும் சொல்லலைங்க அண்ணே. இப்பவும் ஒண்ணும் சொல்லல. இது இருக்கட்டுங்க."

ஷிபான் தலையைச் சொறிந்தான். பிறகு என்ன நினைத்தானோ, கராஜுக்குள் போய் ஸ்பானர் சாவிகளை எடுத்துவந்து, ஜீவனுடைய காரின் கம்பிக்கட்டைத் தானே அவிழ்க்கத் தொடங்கினான். தார்ப்பாயை மடித்து, நசுங்கிய தகரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். அகீல் ஒரு பக்கம், ஹஸீப் ஒரு பக்கம் பிடிக்க, நாலு போல்ட்டும் ஏறின. மூடியபோது இடைவெளி ஒரு மயிரிழை பிசகவில்லை.

ஷிபான் போனை எடுத்து வீடியோ பிடித்தான். "ராத்தா, நீங்களும் வாங்க, நடுவுல நில்லுங்க." ஹம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டேன் என்றாள். அவர்கள் நாலு பேரும் காரின் முன்னால் தோளோடு தோள் நின்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு தேநீர் குடிக்க உள்ளே போனார்கள்.

அவள் மட்டும் காரருகில் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் பொனட்டின் நடு ஒட்டில் வைத்து, புதுச்சட்டை போட்டு நிற்கும் பெண்ணின் தோளை நீவிவிடுவதுபோல், மெல்ல இரண்டு பக்கமும் நீவிவிட்டாள்.