டயருக்கு வைத்த கல்

மகன் சரிவான முற்றத்தில் காரை நிறுத்தினான். டயருக்கடியில் சரளை நொறுங்கிய சத்தத்தில் நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, கல்முனையில் எங்கள் உழவு மெசினுக்குப் பற்றரி செத்திருந்தது. உருட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால், வாப்பா அதை நெல்மில்லின் சரிவில் நிறுத்தி டயருக்கு ஒரு கல் வைப்பார். அன்று வாதுமைக் கொட்டை உடைக்க அந்தக் கல்லை எடுத்தவள் நான். இருக்கையில் ஆளில்லை, ஆனாலும் யாரோ ஓட்டுவதுபோல் மெசின் ஓசையில்லாமல் இறங்கியது. கீழே தம்பி மண் அளைந்துகொண்டிருந்தான்.

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த வாப்பா, தான் மௌத்தாகும்வரை, "கல்லு வைக்க மறந்துட்டனே" என்றே புலம்பினார். நான் வாய் திறக்கவில்லை.

"ஹேண்ட் பிறேக் போட்டிருக்கன் உம்மா," என்றான் மகன். ஆனாலும் ஒரு கல்லைத் தேடி வைத்தேன். நான் நிமிர்வதற்குள், காரிலிருந்து இறங்கிய பேத்தி அதை எடுக்கக் குனிந்தாள்.