கேசரித் தட்டில் மாத்திரை அட்டை

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை என்று பெரம்பலூர் டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று சுகர்காரர்கள் போடுவது. இன்னொன்று ஆன்டிஆக்ஸிடன்ட்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல பட்டா சுகருன்னுடுவாங்க" என்று அம்மா பயந்தாள். நானும் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சத்து மாத்திரை என்று சொல்லிச் சமாளிக்கலாமே என்று மற்றதை மட்டும் விழுங்கினேன். மூன்று மாதம் மாதவிலக்கே இல்லை.

"சத்து மாத்திரை துணைக்குத்தாம்மா. சுகர் மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னா?" என்றார் டாக்டரம்மா. மறுபடி இரண்டையும் ஆரம்பித்தேன்.

அடுத்து கீழப்பழுவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரித் தட்டிலேயே இரண்டு அட்டையையும் வைத்து நீட்டினேன்.

"இது எதுக்கும்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீர்க்கட்டிக்குங்க. தெனம் போடுறேன்."

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். அம்மா அழுதாள்.

அவர்களிடமிருந்து போன் வரவேயில்லை. நான் காத்திருந்த மாதவிலக்கு வந்துவிட்டது.