நான் தூக்காத கை

என் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

பாரிஸில், லா சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஓரறை வீடு வாங்கினேன். அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தெருவைப் பார்த்த பெரிய வீடு செபமாலை அண்ணையுடையது. அவருக்குப் பிரெஞ்சும் வரும். வீட்டு உரிமையாளர் கூட்டத்தில் எல்லோரும் அவருக்குத்தான் கைகொடுப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு கூட்டத்துக்கு முன் அவர், "தம்பி, பாஷை விளங்காட்டிப் பரவாயில்லை. நான் கை தூக்கேக்கை நீரும் தூக்கும்" என்றார். அவர் தூக்கியபோது நான் வேண்டுமென்றே கையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். என் வாக்கு இல்லாமல் தீர்மானம் தோற்றது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

படியேறும்போது, "என்னத்துக்கு அண்ணை அந்த வோட்டு?" என்று கேட்டேன்.

"கூரை திருத்த. உம்மடை தலைக்கு மேலை இருக்கிற கூரைதான்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் கட்டிலருகே வாளி வைத்துப் படுத்தேன். அண்ணையின் வீடு நனையவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இப்போது கூட்டத்துக்கு முன்பே நான் அவருடைய கதவைத் தட்டி, எதற்கு வாக்கு என்று கேட்டுக்கொண்டுதான் போகிறேன். மறுமுறை கூரைக்கு முதலில் உயர்ந்தது என் கை. அவருடைய ஜன்னல்களைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிகிறது.

எழுதியது: 9.11.1986, மழை பெய்த ஞாயிறு. வீட்டில் ஒழுக்கில்லை.