பியர்பொன்ட்ஸில் ஒரு மவ்லித்

நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நஜீமாவுக்குக் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளையில்லை. பக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசர் முகைதீன் ஆண்டவரை நினைத்து நேர்த்தி வைத்தார்: பிள்ளை கிடைத்தால் அவர் பெயர் வைப்பேன், உயிருள்ளவரை வருடா வருடம் அவர் புகழ் பாடும் மவ்லித் ஓதுவேன். கிடைத்தவன்தான் முகைதீன். நான் மன்னார்க் கத்தோலிக்கத்தி. நேர்த்தி என்றால் என்னவென்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த மகன் இப்போது இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி, "மவ்லித் மார்க்கத்தில இல்ல, இந்த வீட்டில வேண்டாம்" என்கிறான். நேர்த்திக்குப் பிறந்ததே நேர்த்தியைத் தடுத்தால் வயிறு எரியாதா? முன்வீட்டுக்காரி நான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஒக்டோபரில் பக்கத்து ஊரான லவாலில் பெண்கள் கூடி ஓத இருந்தார்கள். "என்ர காரில வாங்கோ ராத்தா. மகனிட்டக் கடைக்குப் போறம் எண்டு சொல்லுவம்," என்றேன்.

"அங்க என்ன ஓதுவம் தெரியுமா கிறேஸ்? காதிரிய்யா எண்ட ஞானவழியைத் தொடக்கின முகைதீன் ஆண்டவர், சின்ன வயசில படிக்கப் போகேக்க கொள்ளைக்காரர் மறிச்சவங்கள். உம்மா சட்டைக்குள்ள வைச்சுத் தைச்ச பொன் இருக்கெண்டு உள்ளதைச் சொன்னவர். பொய் சொல்லாதே எண்டு உம்மா சொல்லித்தான் அனுப்பினவ. அந்தக் கதையைக் கேக்கப் பொய் சொல்லிக்கொண்டு போறதா?"

ராத்தா மகனிடம் உள்ளதையே சொன்னார். அவன் சத்தம்கூடப் போடவில்லை. "அங்கயோ இங்கயோ ஓதினீங்கள் எண்டா உம்மா, பேந்து உங்கட கையால ஒரு வாய் சாப்பிடமாட்டன்."

ஒரு தாயைக் கட்டிப்போட இதைவிட என்ன கயிறு வேண்டும்? ஓதினால் பிள்ளை இல்லை, ஓதாவிட்டால் நேர்த்தி இல்லை. ராத்தா போட்ட கோட்டோடு கதிரையில் இருந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைக் கேட்டுக் கொள்ளைக்காரனே திருந்தினானாம்," என்று அவன் காதுபடச் சொன்னேன்.

ராத்தா கண்ணைத் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஓதத் தொடங்கினார். முழுக்க மனப்பாடம். மகன் வெளியே போய், ஏற்கெனவே கூட்டி முடித்த முற்றத்தைத் திரும்பவும் கூட்டினான்.

ஓதி முடிந்தது. ராத்தா எழும்பவில்லை, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். நிறுத்தினால் அவனைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.