காதைத் தொட்டுக் காட்டும் டீச்சர்

சலவைக்கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, ஓரத்தில் ஒரு கட்டில். அங்கே குடியிருந்தவளைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. கீழே சலவை இயந்திரங்கள் சுழன்றால் மேலே கட்டில் நடுங்கும். வந்த புதிதில் நிலநடுக்கம் என்று நினைத்து, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து நின்றாள். கடைக்காரர் அன்று சிரித்த சிரிப்பு பல மாதம் ஓயவில்லை. பிற்பாடு, கடை மூடியிருக்கும் விடுமுறை நாட்களில் நடுக்கம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராமல் போனது. மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகிக்கொள்ளாது!

கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். உள்ளூர்ப் பள்ளியில் அதற்கு வந்த சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே பற்றவில்லை. வெளிநாட்டுப் பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்ததும், பிள்ளையில்லாத அவள் தங்கை, குட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தைரியம் கொடுத்தாள். விமான நிலையத்தில் குட்டி சித்தியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாளே என்று எழுப்பாமலே வந்துவிட்டாள் டீச்சர். அதை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்காமல் தட்டை மூடி வைத்திருக்கிறாள்.

பயிற்சி நிலையத்தில் படிக்க வந்தவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். ஒரு டாக்சி டிரைவர், இரண்டு நர்சுகள், ஓட்டலில் வரவேற்பு வேலை தேடும் சிலர். நிலையத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வகுப்புக்குள் யாராவது தங்கள் சொந்த மொழியில் வாயைத் திறந்தால் ஆசிரியர் கோபப்படக்கூடாது. சிரித்த முகமாகத் தன் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, இங்கிலீஷில் சொல் என்று அர்த்தம். அவர்கள் மொழி டீச்சருக்கு எப்படியும் தெரியாது. ஆகவே அந்தச் சட்டத்தை அவளைப் போலக் கட்டிக்காத்தவர் யாருமில்லை. ஒருநாள் டாக்சி டிரைவர் ஜன்னல் வழியே பார்த்து, தன் வண்டியை யாரோ கட்டி இழுத்துப் போகிறார்கள் என்று தன் மொழியில் கத்தினார். டீச்சர் காதைத் தொட்டாள். பாவம், அவர் இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது, அவரும் சேர்ந்துதான். மறுவாரம் அவர் எல்லோரையும்விட நன்றாகப் பேசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குட்டியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும். டீச்சருக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி அந்த ஊரில் ஒன்றே ஒன்று. அங்கே குழந்தையை இங்கிலீஷில் கேள்வி கேட்டு, பதில் வந்தால்தான் இடம். பள்ளியில் இடம் கிடைத்தால்தான் விசா. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பியவள், வகுப்பறைச் சட்டத்தைத் தினசரி வீடியோ காலுக்குள் கொண்டுவந்தாள். குட்டி தமிழில் ஆரம்பித்தால் திரைக்கு இந்தப் பக்கம் டீச்சர் சிரித்தபடி காதைத் தொடுவாள். முதலில் அது விளையாட்டாக இருந்தது. குட்டியும் சிரிப்பாள். நாளாக நாளாக, யோசித்துச் சேர்த்து வைத்த நாலு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போக ஆரம்பித்தாள்.

முதல் பல் விழுந்த அன்று குட்டி வழக்கத்தை மறந்துவிட்டாள். "அம்மா, பல்லு விழுந்துருச்சு, ரத்தம் வந்துச்சு" என்று கூவிக்கொண்டே வந்தாள். டீச்சரின் கை தானாகக் காதுக்குப் போனது. குட்டி விழித்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. கடைசியில் பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"காலையிலருந்து உங்கிட்ட சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தாக்கா," என்றாள் தங்கை. "இன்னிக்கு ஒரு நாள் தமிழ்ல கேட்டாதான் என்ன?"

"இன்னிக்கு நான் எளகினா நாளைக்கு ஸ்கூல் இன்டர்வியூல முழிப்பா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

சொன்னாளே தவிர, போனை வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் பெற்ற பிள்ளைக்காக ஆழம் தெரியாமல் காலை விடாதவர் யார்?

பள்ளி வீடியோவில் வைத்த நேர்காணலில் குட்டி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டாள். இடமும் கிடைத்தது, விசாவும் வந்தது. கூடவே வந்த தங்கை ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினாள். விமான நிலையத்தில் முதலில் பார்த்தபோது, ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்து நின்ற டீச்சரிடம் குட்டி, "குட் ஈவ்னிங், மம்மி" என்று கையை நீட்டிக் குலுக்கினாள். டீச்சருக்கு நெஞ்சில் என்னவோ தைத்தது. அதை உதறிவிட்டு, மறுநாள் நிலையம் முழுக்க அந்தக் கைகுலுக்கலைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

குட்டி தொந்தரவே தராத பிள்ளை. வைத்ததைச் சாப்பிட்டாள், தேங்க் யூ சொன்னாள். பள்ளி விட்டு வந்ததும், டீச்சர் வேலை முடிந்து வரும்வரை, அவசரத்துக்கென்று கொடுத்த ஒரு பழைய போனோடு அறையில் தனியாக இருந்தாள். கடைக்காரர் அவ்வப்போது மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டார். முதலில் பள்ளியில் இங்கிலீஷ் நன்றாகப் பழகட்டும், பிறகு நிதானமாகத் தமிழில் பேசிக்கொள்ளலாம் என்று டீச்சர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு மாலை வகுப்பு சீக்கிரம் முடிந்தது. கீழே இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் மாடியேறிக் கதவைத் திறந்தபோது அறையில் யாருமில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குட்டியின் குரல், போனில் தடதடவென்று தமிழில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க கட்டில் ஆடுது சித்தி. தினமும் ஆடுது. வீடு விழுந்துருமோன்னு பயமா இருக்கு. அம்மாகிட்ட இங்கிலீஷ்லதான் சொல்லணும். எனக்கு அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டீச்சருக்குத் தான் தெருவுக்கு ஓடிய நாள் நினைவுக்கு வந்தது. பழகிப்போன நடுக்கத்தைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவேயில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து குட்டியின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கீழ துணி தொவைக்கற மெஷின்டா கண்ணு. வீடு விழாது. அம்மாகிட்ட நீ தமிழ்லயே சொல்லு. என்ன வேணாலும் சொல்லு."

குட்டி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுவும் ஒரு பரீட்சைதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தவறிவிடக்கூடாது என்ற கவனத்தோடு அம்மாவைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். சிரித்தபடியே கையை உயர்த்தித் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.