காருக்குப் புளித்தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் நான் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு பழைய காரும் இருந்தது; மலாய் கலந்த எங்கள் பேச்சில் கரெட்டா. குளிர் ஊரில் இன்ஜினுக்கு என்ன சூடு வந்துவிடப்போகிறது என்று ரேடியேட்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மேலே இருக்கும்வரை கார் சமர்த்துதான். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போதுதான் பாதி மலையில் கொதித்து மானத்தை வாங்கும். இரண்டு தீபாவளிக்கு என் மனைவி பட்டுப்புடவையோடு சாலையோரம் நின்றாள். இரண்டாவது முறை, "இனிமே இந்தக் கரெட்டாவுல ஏறுனா என்னன்னு கேளுங்க" என்றாள்.

அடுத்து தாப்பாவில் அவள் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பஸ்ஸில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கார் வைத்திருக்கிறவன் மனைவி பஸ்ஸில் போய் இறங்கினால் மாமனார் வீட்டில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு முன்கோபம் அதிகம். "போயேன், யாரு வேணாம்னா?" என்று கத்திவிட்டுப் போய் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தேன்.

செம்மண் குழம்பாகத் துருத்தண்ணீர் வந்தது. மிச்சத் துரு வெறும் தண்ணீருக்கு அசையவில்லை. குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே துலக்குகிறாள், அதுவும் பித்தளை, இதுவும் பித்தளை என்று அடுப்படியிலிருந்த புளி முழுவதையும் வாளியில் கரைத்து ஊற்றி இன்ஜினை ஓடவிட்டேன். வடிகட்டவேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. சக்கை உள்ளே போய் அடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கார் கொதித்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் புளி வாசனை.

"என்னண்ணே, கரெட்டாவுக்கு ரசமா? எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுங்க லா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மனைவி, காலியான புளிப்பானையோடு வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எந்தப் பக்கமா ஊத்துனீங்க?"

"மேல."

"அப்ப கீழருந்து தண்ணிய விடுங்க. போன வழியாவே வரட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. இன்ஜின் ஆறியதும் மேலும் கீழும் இருந்த ரப்பர் குழாய்களைக் கழற்றினேன். லயத்துப் பைப்பிலிருந்து ஹோஸ் இழுத்து, ரேடியேட்டரின் கீழ்வாயில் துணி சுற்றிச் சொருகினேன். மலைத்தண்ணீருக்கு வேகம் அதிகம். நார், கோது, பல வருடத் துரு எல்லாம் மேல்வாய் வழியாகக் கொட்டின. தண்ணீர் தெளியும்வரை அவளே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வர்றியா?" என்று கேட்டேன்.

"எறங்குறதுக்கு வர்றேன். ஏறுறதப் பத்தி அங்க போய்ப் பேசிக்கலாம்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது மாமியார் கொடுத்த வாழைத்தாருக்கும் பலகாரக் கூடைக்கும் காரின் பின்னால் இடமில்லை. வழியில் கொதித்தால் ஊற்ற நான் அங்கே இரண்டு டின் தண்ணீர் ஒளித்து வைத்திருந்தேன். அவள் அவற்றைத் தூக்கி வாசல் செடிக்கு ஊற்றினாள்.

"ஏ புள்ள, மலையில வேணும்."

"எதுக்கு? நாந்தானே புடிச்சுக் கழுவுனேன்" என்று சொல்லிவிட்டு, காலி டின்களை அங்கேயே விட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சந்தோஷத்தோடு காரைக் கிளப்பினேன். ஆனாலும் மலை முழுக்க ஒரு கண் இன்ஜின் சூடு காட்டும் முள்ளிலேயே இருந்தது. அது பாதியைத் தாண்டவில்லை. அவள் முதல் வளைவிலேயே தூங்கிப்போனாள். லயத்துக்கு வந்துதான் எழுப்பினேன்.